இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிகிறது. கோட்ட மட்டத் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நமது பிள்ளைகள் பேச்சிலும் பாவோதலிலும் இடங்களைப் பெற்றார்கள். கரப்பந்தாட்ட அணி வலய மட்டம் வரை போனது. ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தின் ஒழுகிய தகரங்களை மாற்றித் தந்த பழைய மாணவர்களுக்கு நன்றி. இந்த முறை மழைக்கு வாளி வைக்காமலே வகுப்பு நடந்தது. பங்கெடுத்த எல்லாருக்கும் பாராட்டுகள்.

இனி, தரம் 10, 11 பிள்ளைகளின் கணித ஒப்படைகள், அதாவது வீட்டில் செய்துவரக் கொடுக்கும் வேலைகள், பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. மற்ற வகுப்புப் பெற்றோரும் வாசித்து வையுங்கள், உங்கள் பிள்ளைகளும் அந்த வகுப்புகளுக்குத்தான் வரப் போகிறார்கள்.

நிகழ்தகவுப் பாடத்தில் கணித ஆசிரியை ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். ஒரு பையில் 5 சிவப்பு மணிகளும் 3 கறுப்பு மணிகளும் இருக்கின்றன. பார்க்காமல் ஒன்றை எடுத்து, அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்றையும் எடுக்க வேண்டும். இரண்டும் சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? கொப்பிகள் என் மேசைக்கு வந்தபோது ஏறக்குறைய வகுப்பு முழுவதும் 25/64 என்று எழுதியிருந்தது. சரியான விடை 5/14. பிள்ளைகள் பிழை விடுவது புதிதில்லை, எல்லாரும் சேர்ந்து ஒரே பிழையை விடுவதுதான் புதிது. அதோடு, எடுக்கும்போது வரக்கூடியவற்றைக் கிளை கிளையாகக் காட்டும் மர வரிப்படத்தின் கடைசிக் கிளை ஒரு கொப்பியிலும் இல்லை. கறுப்பு, கறுப்பு என்று முடிய வேண்டிய கிளை. விசாரித்தபோது கதை வெளியே வந்தது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட விடைப் படத்தில் அந்த மூலையைப் படம் எடுத்தவரின் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. பிள்ளைகள் விரலுக்குக் கீழே இருந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே கொப்பியில் இறக்கிவிட்டார்கள்.

ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்தது உண்மை. ஆனால் விஷயம் சிரிப்போடு முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் போட்டது யார் என்று நான் தேடவில்லை, தேடப் போவதுமில்லை. அண்ணனாக இருக்கலாம், டியூஷன் மாஸ்டராக இருக்கலாம், கணக்கைப் படம் பிடித்தால் விடை தரும் போன் செயலியாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மாலையில் நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்து, இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வருகிற அம்மாவிடம் பிள்ளை கொப்பியோடு வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? சில வீடுகளில் அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், வீட்டில் இருப்பது அப்பாயி மட்டும். "பிள்ளை டீச்சரிடம் ஏச்சு வாங்கக் கூடாது" என்ற எண்ணம் எங்களுக்கும் புரிகிறது. மழைக்குப் பாதை மூடினாலும் பஸ் வராவிட்டாலும் அதே குழுதான் நமக்குக் கை கொடுக்கிறது. குழு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அந்தக் கணக்கைப் பாருங்கள். முதல் தடவை கை விடும்போது 8 மணிகளில் 5 சிவப்பு. ஒரு சிவப்பு வெளியே வந்துவிட்டால் பைக்குள் மிஞ்சுவது 7, அதில் சிவப்பு 4. ஆகவே 5/8ஐ 4/7ஆல் பெருக்க வேண்டும்: 20/56, சுருக்கினால் 5/14. எடுத்த மணியைத் திரும்பப் போட்டுவிட்டு எடுத்திருந்தால்தான் 25/64 வரும். அது வேறு கணக்கின் விடை. துணிப்பையில் எட்டுப் பொத்தான்களைப் போட்டு ஒரு தடவை எடுத்துப் பார்த்த பிள்ளை இந்த இடத்தில் தடுக்கி விழாது. படத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு "திரும்பப் போடாமல்" என்ற சொல்லே கண்ணில் படவில்லை.

இரண்டாவது ஒப்படை புள்ளிவிபரவியல். வீட்டில் யாராவது ஒருவர் ஏழு நாளில் எடுத்த கொழுந்தின் கிலோவைக் கேட்டு எழுதி, இடை (சராசரி), இடையம் (வரிசையில் நடுவில் வரும் எண்), ஆகாரம் (அதிக தடவை வரும் எண்), வீச்சு (பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம்) காணச் சொல்லியிருந்தோம். கொழுந்து வேலை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடங்களை எழுதலாம். பல கொப்பிகளில் ஏழு நாளும் 18 என்று இருந்தது. முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, வேண்டிய கிலோ அது என்று எல்லாருக்கும் தெரியும். ஏழு நாளும் 18 என்றால் இடை 18, இடையம் 18, ஆகாரம் 18, வீச்சு 0. பிள்ளைக்குச் செய்ய வேலையே இல்லை.

இந்தக் கிலோக் கணக்கு தோட்ட ஆபீசுக்குப் போகுமோ என்ற பயத்தில் சிலர் அப்படி எழுதச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். போகாது. யாருடைய பெயரையும் நாங்கள் கேட்கவில்லை, கொப்பி பாடசாலையைத் தாண்டாது. இதை நம்புங்கள்.

ஒரு பிள்ளை மட்டும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையான எண்களை எழுதிக்கொண்டு வந்திருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே தருகிறேன். சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் 14, 16, 17, 18, 18, 19, 38. அந்த 38 ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கிடைக்கும் வேலை. கூட்டினால் 140, ஏழால் வகுத்தால் இடை 20. ஆனால் அந்த ஏழு நாளில் ஒரு நாள்கூட அவர் 20 கிலோ எடுக்கவில்லை! இடையமும் ஆகாரமும் 18, வீச்சு 24. ஒரே ஒரு பெரிய எண் இடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாளைக்கு யாராவது வந்து "இங்கே சராசரியாக 20 கிலோ எடுக்கிறார்கள்" என்று சொன்னால் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

"எங்களுக்குக் கணக்குத் தெரியாது சேர்" என்று சொல்லும் அம்மாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மடுவத்தில் நீங்கள் எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள்? 18க்கு எத்தனை கூட, எத்தனை குறைய என்றுதானே? மேலே உள்ள எண்களில் 4, 2, 1 குறைவு, இரண்டு நாள் சரி, 1 கூட, 20 கூட. கழித்துப் பார்த்தால் 14 கூட. ஏழு நாளுக்குப் பிரித்தால் 2. பதினெட்டோடு 2 சேர்த்தால் அதே 20. பாடப்புத்தகத்தில் எடுகொண்ட இடை என்று இதைத்தான் படிப்பிக்கிறோம். பிள்ளைக்கு விடை சொல்லித் தர வேண்டியதில்லை, "ஏன் 18ஐ எடுத்தாய், வேறு எண்ணை எடுத்தால் விடை மாறுமா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். (மாறாது. ஆனால் அதைப் பிள்ளை சொல்லட்டும்.)

தாயக்கட்டையும் சீட்டுக்கட்டும் வைத்துப் பாடசாலையில் சூது சொல்லித் தருகிறார்களா என்று ஓர் அப்பா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1654இல் பஸ்கால், பெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கடிதங்களில் அலசியதும் சூதாட்டக் கணக்கைத்தான், அந்த உறவை மறைக்க முடியாது. ஆனால் நான்கு இலக்கமும் அதே வரிசையில் பொருந்த வேண்டிய லொத்தர் சீட்டுக்கு வாய்ப்பு 10,000இல் 1 என்று தானே கணக்கிட்டுப் பார்த்த பிள்ளை, சந்திக் கடையில் சீட்டு வாங்குவதற்கு முன் யோசிக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. மூன்றாம் தவணையிலிருந்து, பார்த்து எழுதியது என்று தெரியும் கணித ஒப்படைக்குப் புள்ளி கிடையாது. யாருடைய பிள்ளையாக இருந்தாலும், பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினரின் பிள்ளையாக இருந்தாலும் இதுதான். ஆசிரியை சந்தேகப்பட்டால் பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்து அதே கணக்கை எண்களை மாற்றிக் கொடுப்பார். ஒப்படை விடைகளை எந்தக் குழுவிலும் போட வேண்டாம், வந்தால் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போன் வராது. விடைத்தாள் திருத்துபவர் வழியையும் பார்த்துத்தான் புள்ளி போடுவார். பிழையாகச் செய்து சிவப்பு மையோடு திரும்பி வந்த கொப்பிக்காக யாரும் பிள்ளையை ஏச மாட்டார்கள், நான் பொறுப்பு. ஒன்றும் எழுதாமல் வெறுமையாக வந்தாலும் பரவாயில்லை, எங்கே நின்றது என்று ஆசிரியைக்குத் தெரியும்.

கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் மன்னிக்கவும். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிவிட்டும் பெற்றோர் கூட்டத்துக்கு ஈரக் குடையோடு வந்து பின் வரிசையில் நிற்கிறீர்கள். பிள்ளைகளின் படிப்பில் உங்களுக்கு அக்கறை இல்லை என்று இந்தப் பாடசாலையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த அக்கறைக்கு நன்றி.

மூன்றாம் தவணை தொடங்கியதும் செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரம் ஒப்படை செய்வதற்காக தரம் 11 வகுப்பறை திறந்திருக்கும். கணித ஆசிரியை இருப்பார், கட்டணம் இல்லை, கடைசி பஸ்ஸுக்கு முன் பிள்ளைகளை அனுப்பிவிடுவோம். தேநீருக்குச் சீனி கொடுக்க விரும்பும் பெற்றோர் அலுவலகத்தில் சொல்லலாம். கீழே உள்ள துண்டில் கையெழுத்திட்டு முதல் நாள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்தைப் பிள்ளையே போட வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
அதிபர்