மூன்று கம்பி முனைகளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பி.எல்.டி.சி (பிரஷ் இல்லாத மோட்டார்) மின்விசிறி, சின்ன மோட்டார் செய்யும் கம்பெனிகளை நடத்துகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் எட்டு வருஷம் சால்டரிங் டேபிளில் உட்கார்ந்தவள். செம்புக் கம்பி சுற்றி (வைண்டிங்) முடிந்து வரும் ஸ்டேட்டரின், அதாவது மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் பகுதியின், கம்பி முனைகளை போர்டில் பற்றவைப்பதுதான் என் வேலை. இப்போது வீட்டு முன்னறையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். அன்றைக்கு நான் பற்றவைத்து அனுப்பிய மாதிரி மோட்டார்களே இன்றைக்குப் பழுதாகி என் கைக்கு வருகின்றன. இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டதால்தான் எழுதத் துணிந்தேன்.

போன சித்திரையில் ஒரு பெரியம்மா ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்தார். சுவிட்சைப் போட்டால் றெக்கை முன்னும் பின்னும் உதறும், சுற்றாது. வாரன்டி முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வேறொரு இடத்தில் கன்ட்ரோல் போர்டு போய்விட்டதென்று சொல்லிப் புது போர்டு மாட்டியிருக்கிறார்கள். சில வாரம் ஓடி, மறுபடியும் அதே உதறல். நான் மோட்டாரைத் திறந்து, ஸ்டேட்டர் மேல் வளையமாக உட்கார்ந்திருக்கும் சின்ன போர்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வைண்டிங்குக்குக் கரன்ட் போகும் மூன்று ஃபேஸ் முனையிலும் பற்றவைத்த ஈயம் பளபளவென்று உருண்டு நின்றது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு முனையை ட்வீசரால் லேசாக இழுத்தேன். சேற்றில் நட்ட குச்சி மாதிரி கம்பி அப்படியே கழன்று வந்தது. ஈயத்துக்குள் இருந்த அந்தக் கம்பியின் மேல் எனாமல் பூச்சு பழுப்புச் சிவப்பாக, பெரும்பகுதி அப்படியே இருந்தது.

இப்படி வருவது அந்த ஒரு ஃபேன் மட்டுமில்லை. போர்டு கெட்டுவிட்டது என்று எங்களிடம் வரும் மோட்டார்களில் நல்ல போர்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். கெட்டது அந்த முனைதான்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் டார்கெட் போடும் இடத்தில் இது மறந்துபோகிறது என்பதால் சொல்கிறேன். போர்டில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைப்பதும் வைண்டிங் கம்பியைப் பற்றவைப்பதும் ஒரே வேலை இல்லை. ரெசிஸ்டரின் கால் ஏற்கெனவே வெள்ளீயம் பூசி வருகிறது. வைண்டிங் கம்பியோ மின்சாரம் வெளியே வரக்கூடாது என்பதற்காகவே பூச்சு போட்டு வருகிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த சால்டர் கலவை 183 டிகிரியில் உருகிவிடும். காரீயமில்லாத வெள்ளீயக் கலவைகள் 217இலிருந்து 227 டிகிரிக்குள் உருகும். சால்டர் ஆகும் வகை பாலியூரித்தேன் எனாமல் சில விநாடியில் கருகி விலக வேண்டுமானால் 390 டிகிரி பக்கம் வேண்டும். இந்த இடைவெளியில்தான் எல்லாக் கோளாறும் பிறக்கிறது. ஈயம் உருகி, கம்பியைச் சுற்றும் பின் என்ற உலோக முள்ளைச் சுற்றி அழகாகப் படிந்து, மின்னிக்கொண்டு நிற்கும். உள்ளே பூச்சு அசைந்திருக்காது. மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. டிரை சால்டர் பெரும்பாலும் மங்கலாக, விரிசலோடு தன்னைக் காட்டிக்கொடுக்கும். இது கண்ணுக்கு நல்ல முனையாகவே தெரியும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவரை உங்களில் பலர் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைத் தணலில் காட்டி, நவச்சாரத்தைத் தூவி, துணியால் அழுத்தித் தேய்த்து, அழுக்கெல்லாம் போன பிறகுதான் ஈயத்தை வைப்பார். அவசரப்படுத்தினாலும் அந்த முறையை மாற்ற மாட்டார். நம் டேபிளில் அந்த முதல் பாதிக்கு நேரமே ஒதுக்கவில்லை. சுத்தம் செய்வதும் பற்றவைப்பதும் ஒரே தொடுதலில் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு டேபிளில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு ஸ்டேட்டருக்கு மூன்று ஃபேஸ் முனை, அப்புறம் மூன்று கம்பி சேரும் ஸ்டார் பாயின்ட் ஒன்று. செம்பு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், வைண்டிங் முழுக்க அதற்கு வடிகால். சால்டரிங் ஐயனின் நுனியான பிட்டின் சூடு இறங்கும். பின்னால் ஸ்டேட்டர்கள் குவியும். அப்போது கை தானாக ஐயனின் சூட்டைக் கூட்டும் திருகைத் தேடிப் போகும். 350இல் இருந்ததை 450க்கு ஏற்றுவோம். வேலை ஓடும். ஆனால் அந்தச் சூட்டில் ஒற்றைப் பக்க போர்டில் கம்பியைப் பற்றவைக்கும் செம்புப் பேட் பிடி விட்டு எழும்பிவிடும். பிட்டும் சீக்கிரம் அரிக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, உருகிய வெள்ளீயம் செம்பையே கரைத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற அது வேகமாகும், காரீயமில்லாத கலவையில் இன்னும் வேகமாகும். 0.3 மில்லிமீட்டர் கம்பி முனையில் இளைத்து, கழுத்து மாதிரி ஆகிவிடும். சிலர் பிளேடால் சுரண்டிவிட்டுப் பற்றவைப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். பிளேடு போட்ட கீறல் அதிர்வில் அங்கேயே முறிவதை இப்போது லென்ஸ் வழியே பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கம்பி வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒருமுறை கம்பி லாட் மாறியது. எந்தக் கம்பி என்று டேபிளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஒரு முனையும் சரியாகப் பிடிக்கவில்லை, எங்கள் கைதான் சரியில்லை என்று திட்டு வாங்கினோம். பிறகுதான் தெரிந்தது, வந்தது அதிக வெப்பம் தாங்கும் இரட்டைப் பூச்சுக் கம்பி. மேல்பூச்சு பாலியமைடு இமைடு. அது சால்டரிங் சூட்டில் விலகாது, இயந்திரத்தாலோ ரசாயனத்தாலோ உரித்துத்தான் ஆக வேண்டும். மோட்டாருக்கு அது நல்ல கம்பிதான். ஆனால் அதற்கு உரிக்கும் வேலை ஒன்று கூடுதலாக வரும் என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். விலை குறைவென்று அலுமினியக் கம்பிக்குப் போகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் நொடியில் திரும்ப வந்துவிடும், பற்றவைக்கும்போது அழுக்கை நீக்கும் சாதாரண பிளக்ஸுக்கு அது அசையாது.

லைன் கடைசியில் ஓட்டிப் பார்க்கிறோமே, அதில் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. எனாமலில் ஊசிமுனை அளவு திறந்திருந்தால் போதும், அன்றைக்கு ஃபேன் சுற்றும். மல்டிமீட்டரும் பீப் அடிக்கும். கன்டினியூட்டி பீப் சில ஓம்களைக் கண்டுகொள்ளாது. வீட்டுக்குப் போன பிறகு தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த ஊசிமுனைத் தொடர்பு விட்டுப்போகும். பிடித்துவிட வழி இருக்கிறது. மிகச் சின்ன மின்தடையையும் அளக்கும் நாலு கம்பி மில்லிஓம் மீட்டரில், மூன்று ஃபேஸ் முனைகளையும் இரண்டிரண்டாக மூன்று ஜோடியாக அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால், கெட்ட முனை சேரும் ஜோடிகளில் மின்தடை கூடி நிற்கும். மூன்றையும் ஒரே சூட்டில் அளக்க வேண்டும், ஏனென்றால் செம்பின் மின்தடை 10 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 4 சதவீதம் ஏறும். ஷிப்டுக்கு ஒன்றிரண்டு ஸ்டேட்டரை எடுத்து முனையை வெட்டிப் பார்த்தாலும் போதும், அந்த நாள் வேலை எப்படி என்று தெரிந்துவிடும்.

கம்பியை விறைப்பாக இழுத்துப் பின்னில் சுற்றுவதும் இன்னொரு தொல்லை. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் கம்பி சுற்றியிருக்கும் பாபினின் பிளாஸ்டிக் செம்பைவிடக் கூடுதலாக விரியும். விறைப்பாக இருந்தால் கம்பிதான் விட்டுக்கொடுக்க வேண்டும். பின்னுக்கு முன்னால் சின்னத் தொய்வு விட்டு, ஆறிய பிறகு ஒரு சொட்டு சிலிகான் வைத்துக் கம்பியைப் பிடித்துவைத்தால் ஆயுள் எவ்வளவோ கூடும். ஈயம் கம்பி வழியே மேலே ஏறி நிற்கும் இடத்தில் கம்பி விறைத்துவிடும், முறிவது பெரும்பாலும் அந்த எல்லையில்தான். அந்தச் சொட்டு சிலிகான் காப்பது அதைத்தான்.

இனி புகை. இதை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

டேபிளில் எல்லாருக்கும் பயம் சால்டரில் கலந்த காரீயத்தைப் பற்றி. அது உடம்புக்குள் போவது பெரும்பாலும் விரல் வழியாக. சால்டர் கம்பியைத் தொட்ட கையோடு டீ டம்ளரையும் வடையையும் தொடுவோம், அதில் போகும். 350 டிகிரியில் அது புகையாகக் கிளம்புவது மிகக் குறைவு. சோப்பு, குழாய், சாப்பிட வேறு இடம் இருந்தால் பெரும்பகுதி தீர்ந்தது. முகத்துக்கு நேரே எழும்பும் வெள்ளைப் புகை வேறு. அதில் பிளக்ஸில் இருக்கும் பைன் பிசின் கருகும் புகை இருக்கிறது. வைண்டிங் கம்பி என்றால், பாலியூரித்தேன் சிதையும்போது வரும் ஐசோசயனேட்டும் சேரும். இரண்டுமே தொழில்வழி ஆஸ்துமாவைக் கொண்டுவரும் பொருள்கள் என்று மருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இறுகும்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருந்தாள், எனக்குத் தங்கை மாதிரி. ராத்திரியில் வீசிங் வரும். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பாள், திங்கள் ராத்திரி திரும்ப ஆரம்பிக்கும். தூசி அலர்ஜி என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே ஒன்றரை வருஷம் வேலை பார்த்தாள். வாரக் கடைசியில் குறைந்து வேலை நாளில் கூடுவதே வேலையால் வருவது என்பதற்கு அடையாளம் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். அவள் வேலையை விட்டுவிட்டாள். இன்றும் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போவதில்லை. எங்கள் ஷெட்டில் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது. அது எங்கள் முகத்தைத் தாண்டித்தான் புகையை இழுத்தது. சீலிங் ஃபேன் போட்டால் பிட் ஆறுகிறது என்று மே மாதத்திலும் நிறுத்திவைப்போம். சிலர் டேபிள் ஃபேன் வைத்துப் புகையைத் தள்ளுவார்கள், அது பக்கத்து டேபிளுக்குப் போகும்.

புகையைக் கிளம்பும் இடத்திலேயே, அதற்கு முடிந்த அளவு அருகில் இழுக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவே எழுதிவைத்தது. பிட்டுக்கு அருகில் வாய் வைத்த சின்ன உறிஞ்சு குழாய் போதும். சட்டத்துக்குப் பயந்து செய்யுங்கள் என்று கேட்கவில்லை. அந்த டேபிளில் ஒரு மணி நேரம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்று கேட்கிறேன்.

முனைக் கோளாறும் புகையும் ஒரே இடத்தில் தீரும். எனாமலை எரிக்கும் வேலையை டேபிளிலிருந்து பிரித்துவிடுங்கள். ஸ்டேட்டர் போர்டுக்கு வரும் முன்பே, கம்பி முனைகளை உருகிய சால்டர் நிற்கும் தனிச் சட்டியில் (சால்டர் பாட்), அந்தக் கம்பிக்கு உரிய சூட்டில், இரண்டு மூன்று விநாடி முக்கி எடுக்கலாம். மேலே மூடிய ஹூட், அதற்கு நல்ல உறிஞ்சு குழாய். சட்டியின் மேல் மிதக்கும் கரியை அவ்வப்போது வழித்துவிட ஒருவர். புகையில் பெரும்பகுதி அங்கேயே அடங்கும். டேபிளுக்கு வெள்ளீயம் பூசிய முனை வரும், 350 டிகிரியிலேயே நிம்மதியாகப் பற்றவைக்கலாம், பிளேடும் வேண்டாம். செலவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டேட்டருக்குச் சில விநாடியும் கூடும். இரண்டாவது தடவை போர்டு மாற்ற அந்தப் பெரியம்மா கொடுத்த பணத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவின் முதல் மோட்டார் 1937இல் பீளமேட்டில் உருவானது என்று பெருமையாகச் சொல்லும் ஊர் நம்முடையது. சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமான பிறகு பி.எல்.டி.சிக்கு நல்ல காலம். பழைய ஃபேன் 75 வாட் எடுத்த இடத்தில் இது 30 வாட் பக்கம் எடுக்கிறது. கடன் வாங்கியாவது மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கரன்ட் பில்லில் மிச்சம் பிடித்ததை ஒரு கம்பி முனை தின்றுவிடக்கூடாது.

கடைசியாக ஒன்று. எட்டு வருஷத்தில் நான் பற்றவைத்த மோட்டார் ஒன்றுகூட ரிட்டர்ன் வந்து என் கண்ணுக்குக் காட்டப்பட்டதில்லை. ரீவொர்க் ரூமுக்குப் போகும், அங்கேயே முடியும். எங்களுக்கு எண்ணிக்கை மட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவார்கள். என்ன தப்பு, எந்த இடத்தில் என்று ஒரே ஒருமுறை லென்ஸில் காட்டியிருந்தால் நான் பிளேடை அன்றைக்கே கீழே வைத்திருப்பேன்.

கடையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய, கழன்று வந்த முனைகளை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். இளைத்தவை, கீறல் பட்டு முறிந்தவை, பூச்சோடு வந்தவை என்று தனித்தனிக் கவரில். எந்தக் கம்பெனி மோட்டார் என்று எதிலும் எழுதவில்லை. நாள் சொல்லுங்கள், டப்பாவையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். காலை ஷிப்டின் டீ நேரமாக இருந்தால் நல்லது, டேபிளில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சால்டரிங் டேபிளில் இருந்த ஒருத்தி,
கோவை