ஒன்பதாம் நம்பர் மரம், மார்ச் 2004

வால்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நான் படமெடுத்து அனுப்பும் பழைய இருவாச்சிப் பறவை நோட்டுகளைக் கணக்கில் ஏற்றும்போது, நீ போனில் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். உன் அம்மா பக்கத்தில் நின்றாள், எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். நோட்டில் 'அத். 43' என்றிருந்தால் அத்திப்பழம் நாற்பத்து மூன்று. 'சா.' என்றால் காட்டுச் சாதிக்காய், செக்கச்செவேலென்று தோல் சுற்றிய விதையோடு வரும். 'ஓ.' ஓணான். குஞ்சு பொரித்த பிறகு ஆண் இருவாச்சி ஓணான், வண்டு, சில நேரம் நண்டுகூடக் கொண்டுவரும். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே இறகு உதிர்ந்து முளைக்கும். மூன்று மாதத்துக்கு மேல் அதற்கு வெளியுலகம் என்பது அந்தக் கீறலில் வந்து நிற்கும் ஆணின் அலகுதான். ஆண் எப்போது வருகிறது, என்ன கொண்டுவருகிறது, எத்தனை ஊட்டுகிறது என்று எழுதுவதே என் வேலை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, குழைகளால் கட்டிய மறைவுக்குள்.

எண்ணுவது கடினமில்லை. தொண்டையில் நிரப்பிக்கொண்டு வரும் பழங்களை ஒவ்வொன்றாக மேலே கக்கி, அலகின் நுனிக்குக் கொண்டுவந்து, கீறலுக்குள் நீட்டும். உள்ளிருந்து இன்னொரு அலகு நுனி வந்து வாங்கிக்கொள்ளும். தலையை ஒரு வெட்டு வெட்டினால் ஒரு பழம். நாற்பது வெட்டு, நாற்பது பழம். அது வருவதையும் காதாலேயே அறியலாம். சிறகுச் சத்தம் மலை ரயில் மூச்சு விடுவது போலக் கேட்கும்.

இனி உன் கேள்வி. ஒன்பதாம் நம்பர் கூட்டில் மார்ச் மாதம் ஒருநாள் மட்டும் 6.30, 8.00, 9.30, 11.00 என்று ஒன்றரை மணிக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்தாற்போல எட்டுத் தடவை வந்திருக்கிறதே, எப்படி என்று கேட்டாய். மற்ற நாட்களில் 6.12, 6.58, அப்புறம் 11.41 என்று தாறுமாறாகத்தானே இருக்கிறது என்றாய்.

அந்தப் பறவை அப்படி வரவில்லை, அம்மிணி. நான் எழுதினேன்.

உனக்கு அப்போது நாலு வயது. காய்ச்சலில் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி பஸ்ஸில் ஏறி, நாற்பது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே வந்துவிட்டேன். கூட்டுக்கு மாற்று ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (உன் அம்மா அதை இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம்.) இரவு முழுக்கக் கண் மூடவில்லை. காலையில் மறைவுக்குள் உட்கார்ந்து முதுகை மரத்தில் சாய்த்தது நினைவிருக்கிறது. கழுத்தில் இரண்டு அட்டை ஊறிப் பருத்த பிறகுதான் விழித்தேன். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. எதிரே ஆண் பறவை கீறலில் அலகை நீட்டியபடி இருந்தது. அது ஒன்றுதான் அன்று நான் கண்டது. அதன் பிறகு இருட்டும் வரை வரவில்லை.

அன்று இரவு பங்களாவில் விளக்கடியில் உட்கார்ந்து, முந்தைய நாட்களைப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கம் நிரப்பினேன். கண்ணால் பார்த்த அந்த ஒன்றையும் வரிசைக்கு ஒத்துவரட்டும் என்று 3.30 ஆக்கிவிட்டேன். என் நினைவில் அது 3.17 என்றுதான் நிற்கிறது. ஆனால் அதையும் நீ ஏற்றாதே. இருபது வருட நினைவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

படத்தில் உனக்குத் தெரிந்திருக்காது, நோட்டைக் கையில் வாங்கினால் ஒரு பார்வையிலேயே தெரியும்: அந்தப் பக்கம் மட்டும் பேனா. காட்டில் நாங்கள் பென்சிலில்தான் எழுதுவோம், மழை பட்டால் மை ஓடிவிடும். இத்தனை வருடமாக அந்த நீல எழுத்தை ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் அந்தப் பக்கம் வந்தால் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த, காடர் பழங்குடியைச் சேர்ந்த அண்ணன் முதல் வாரமே சொன்னார்: வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது, பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுது, இரண்டும் ஒன்றில்லை. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மரத்தடியில் கட்டியிருந்த வலையில் அன்று பொந்திலிருந்து விழுந்த விதைகளை மறுநாள் காலை எண்ணியவர் அவர்தான். என்ன நடந்தது என்று அப்போதே புரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த விதைக் கணக்கு மெய், அதை மட்டும் அப்படியே வைத்துக்கொள்.

அந்த ஆண்டு அறிக்கை எழுதிய ஆராய்ச்சியாளருக்கு நேற்று போன் செய்து சொன்னேன். ஒருநாள்தானே, சராசரியில் பெரிய வித்தியாசம் வராது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே மழை பிடித்துவிட்டது. சின்னக்கல்லாறு பக்கம் நான்கு நாளாக விடவில்லை. புதுத்தோட்டத்தில் ரோட்டின் குறுக்கே, மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாயால் கட்டிய பாலத்தில் சோலைமந்திக் குரங்குகள் குட்டியைச் சுமந்துகொண்டு நனைந்தபடி போகின்றன. 2006 நோட்டில் பூஞ்சை ஏறியிருக்கிறது, அடுப்பு மேல் பரணில் வைத்திருக்கிறேன். காய்ந்ததும் படமெடுத்து அனுப்புகிறேன்.

அந்த மார்ச் பக்கத்தை அழித்துவிடாதே. எட்டு வரிக்கும் குறுக்கே கோடு போடு. குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாயே, அதில் காரணம் எழுத வேண்டும் அல்லவா? 'ஆள் தூங்கிவிட்டார்' என்று எழுது.

அப்பா