கையில் அடங்கினால்தான் கையடக்கக் கருவி

ஆசிரியருக்கு,

வணக்கம். கையடக்க வீடியோ கேம் கருவிகளின் காலம் முடிந்துவிட்டது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எல்லார் கையிலும் போன் இருக்கும்போது விளையாடுவதற்கென்று தனியாக ஒரு கருவி எதற்கு என்பது அதன் வாதம். அந்தக் கருவிகளுக்கு ஆபத்து வந்திருப்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழியைப் போன் மேல் போடுவது சரியில்லை.

இதே ஆருடத்தை 2011-லேயே சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அந்த வருஷம் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் விட்ட 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவி எடுத்த எடுப்பிலேயே படுத்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் அமெரிக்காவில் அதன் விலையை 250 டாலரிலிருந்து 170 டாலராக இறக்கினார்கள். நிறுவனத் தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். இதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு போனுக்கு கேம் செய்யுங்கள் என்று முதலீட்டாளர்கள் நெருக்கினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? விலை இறங்கிய அதே 3டிஎஸ் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. 2017-ல் அதே நின்டெண்டோ விட்ட ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. கொல்வதாக இருந்தால் போன் அந்தப் பத்து வருஷத்திலேயே கொன்றிருக்கும்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், 1994-ல் என் மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போது நின்டெண்டோவின் கேம் பாய் ஒன்று கொண்டுவந்தார். செங்கல் மாதிரி கனம், பச்சை பூத்த திரை, நான்கு பென்சில் செல். திரைக்குள் விளக்கு கிடையாது என்பதால் நானும் தம்பியும் திண்ணையில் வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து ஆடுவோம். பொழுது சாய்ந்தால் ஆட்டமும் முடிந்தது. செல் தீர்ந்துபோனால் கழற்றி வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவோம்.

அந்தத் திரை ஏன் அப்படி இருந்தது என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் கும்பேய் யோகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. புத்தம்புதிய, விலை கூடிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓட வேண்டாம். நன்றாகப் பழகிப்போன மலிவான ஒன்றை எடுத்துப் புதுவிதமாகப் பயன்படுத்தினால் போதும். 1990-ல் சேகா நிறுவனம் கேம் கியர் என்று வண்ணத் திரையோடு, விளக்கோடு ஒன்றைக் கொண்டுவந்தது. பார்க்க அழகுதான். ஆனால் ஆறு செல்லைப் போட்டால் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நான்கு செல்லில் பதினைந்து மணி நேரம் போல ஓடும். கடைசியில் ஜெயித்தது பச்சைத் திரைதான்.

இப்போது வருகிறவற்றைப் பாருங்கள். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் 669 கிராம். கெட்டிக்காரக் கருவி, மறுக்கவில்லை. ஆனால் அது கைப்பிடி வைத்த கம்ப்யூட்டர். சோனி 2023-ல் விட்ட போர்ட்டல், வந்த புதிதில் வீட்டில் பிளேஸ்டேஷன் 5-உம் வைஃபையும் இல்லாவிட்டால் எதற்கும் உதவாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-க்கு 7.9 அங்குலத் திரை, அரைக் கிலோவுக்கு மேல் எடை, வந்தபோது அமெரிக்காவில் 450 டாலர். சார்ஜ் நிற்பது 2 மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரம் வரை என்று அவர்களே சொல்கிறார்கள். கேம் பாய் 1989-ல் 90 டாலருக்கு வந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் சேர்த்தாலும் 450-ஐ நெருங்காது. 2020-ல் 3டிஎஸ் நின்ற பிறகு, பெரிய நிறுவனம் செய்கிற, வேறு கருவியின் துணையில்லாமல் தானே இயங்குகிற, டிவியில் மாட்டவே முடியாத, கையில் வைத்து மட்டும் ஆடுகிற கருவி என்றால் 2019-ல் வந்த ஸ்விட்ச் லைட் ஒன்றுதான் மிச்சம். அதற்கு வாரிசு யார்? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் கட்டுரை கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று கேட்ரிட்ஜ், அதாவது கருவிக்குள் செருகுகிற கேம் அட்டை. ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேம்களில் அட்டைக்குள் கேமே இல்லை, அதைத் திறக்கிற சாவி மட்டும்தான். கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த சர்வரை என்றைக்காவது மூடினால்? 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் 2023 மார்ச்சிலிருந்து புதிதாக எதையும் வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப இறக்கிக்கொள்ள மட்டும் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் பீரோவைச் சுத்தம் செய்தபோது தம்பியின் பழைய டிஎஸ் லைட், அதாவது 3டிஎஸ்ஸுக்கு முந்திய, மடக்கி மூடுகிற நின்டெண்டோ கருவி, கிடைத்தது. பேட்டரி உப்பியிருந்தது. பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி வேறு பேட்டரி போட நானே போதும், கடைக்குப் போகவில்லை. சார்ஜ் ஏறியதும் பார்த்தால், தம்பி கல்லூரி நாளில் பாதியில் விட்ட ஆட்டம் அட்டையில் அப்படியே இருந்தது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கிற மூன்று இடங்களில் இரண்டைத் தன் மாமா, அதாவது என் தம்பி, பெயரிலேயே விட்டுவிட்டு மூன்றாவதில் என் பையன் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பத்து வயது. பல்லவனில் சென்னைக்குப் போகும்போது போனைக் கொடுத்தால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு விளம்பரம், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், சிக்னல் விட்டு விட்டு வரும், அப்புறம் ரீல்ஸில் போய் உட்கார்ந்துவிடுவான். பிடுங்கினால் அழுகை. டிஎஸ்ஸில் அந்த வம்பே இல்லை. சாப்பிட வா என்றால் மூடியைப் பட்டென்று மூடிவிட்டு வருகிறான். சாப்பிட்டு முடித்துத் திறந்தால் விட்ட இடத்தில் நிற்கிறது. வேறு எதுவும் செய்யத் தெரியாத கருவி என்பதே அதன் பெரிய குணம் என்று நான் நினைக்கிறேன்.

நம்பிக்கை தருகிற விஷயமும் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது பொதுவிதியாகிறது. கருவியின் ஆயுள் பேட்டரியோடு முடிகிற கதைக்கு அது ஒரு முட்டுக்கட்டை. பானிக் என்ற சின்ன நிறுவனம் 2022-ல் பிளேடேட் என்று ஒன்று விட்டது. கறுப்பு வெள்ளைத் திரை, பக்கவாட்டில் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, சட்டைப் பையில் போகும். விலை எனக்கு எட்டாது. ஆனாலும் யோகோய் சொன்ன வழி இன்னும் தூர்ந்துவிடவில்லை என்பது அதைப் பார்த்தால் தெரிகிறது.

அடுத்த முறை உங்கள் தொழில்நுட்பப் பகுதியில் புதுக் கருவிக்கு விமர்சனம் எழுதும்போது, திரை எத்தனை அங்குலம், வேகம் எவ்வளவு என்பதோடு மூன்றைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: பேட்டரியை வீட்டில் மாற்ற முடியுமா, கேம் அட்டைக்குள் இருக்கிறதா, இணையம் இல்லாமல் ஓடுமா. என்னைப் போலப் பிள்ளைக்காகக் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அந்த மூன்றும்தான் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்