பனங்காடை எழுதாத நோட்டு

அன்புள்ள மாரியப்பனுக்கு,

உன் கடிதம் போகிக்கு முதல்நாள் வந்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பதில் தாமதமானதற்குக் காரணம் குருவிகள். சிரிக்காதே. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்விட்டேன். 2015-லிருந்து நடக்கிறது, எனக்கு இதுதான் முதல் தடவை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கண்மாய்க்கரையில் கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் குரல் கேட்டதையும் எண்ணி, ஈ-பேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கடைசியில் அது ஒன்று கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? நான் காக்கையை விட்டிருந்தேன். கூட வந்த கல்லூரிப் பெண் பிடித்துக்கொண்டாள். "காக்காவையும் போடுங்க சார். விட்டுட்டா, காக்கா இல்லையா, நீங்க எழுதலையான்னு எப்படித் தெரியும்?" நூறு பட்டியலில் எத்தனையில் ஒரு பறவை வருகிறது என்று வருஷா வருஷம் ஒப்பிட்டுத்தான் அது கூடுகிறதா குறைகிறதா என்று கணிக்கிறார்களாம். அதனால் ஒன்றுமே சிக்காத காலைக்கும் மதிப்புண்டு.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து நம் பழைய நோட்டை எடுத்தேன். கூழைக்கடா வந்த நாளுக்கு மூன்று பக்கம், உன் கோணல் படத்தோடு. பனங்காடையைத் தேடினேன். ஒரு வரி இல்லை! பள்ளிக்கூடம் போகும் வழியில் கரண்டுக் கம்பியில் எத்தனை உட்கார்ந்திருக்கும்? தினம் பார்ப்பதை எவன் எழுதுவான் என்று விட்டுவிட்டோம்.

2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, வெகுவாகக் குறைந்துவருகிற பறவைகளில் பனங்காடையையும் சேர்த்திருக்கிறது. மயிலும் குயிலும் பெருகியிருக்கின்றனவாம். மயில் விஷயம் உன் தம்பிக்கு அறிக்கை பார்த்துத் தெரிய வேண்டியதில்லை, அவன் கடலைக்காடே சாட்சி. சுமார் 30,000 பேர் எழுதிய 3 கோடிப் பதிவுகளை வைத்துச் சொன்னது அது. மூவாயிரம் விஞ்ஞானிகளைச் சம்பளம் கொடுத்து அனுப்பினாலும் இத்தனை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். நம் ஊரில் அந்தக் காலத்தில் எவ்வளவு இருந்தது என்று மட்டும் அதில் தேட முடியாது. எழுத வேண்டிய நாம் இருவரும் கூழைக்கடாவுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தோம்.

சித்திரையில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போவாய் அல்லவா? பழைய மதகுப் பக்கம் காலையில் கால் மணி நேரம் நில். காக்கை, மைனா, எல்லாவற்றையும் எழுது. கம்பி காலியாக இருந்தாலும் பட்டியலை அனுப்பு.

அப்புறம், முழங்கால் வலி தேவலையா?

அன்புடன்,
சுப்பையா