மெழுகு டப்பாவுக்கு இத்தனை விலையா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி பட்டறையில் நிற்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். கடைசல் இயந்திரத்தைச் சின்னவள் பிடித்துக்கொண்டாள். கிண்ணம் கிண்ணமாகக் கடைந்து தள்ளுகிறாள், எனக்கு முறையே வருவதில்லை. எனக்கும் பெட்டி வேலைதான் பிடித்திருக்கிறது என்பதால் சண்டை இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சாதாரண டப்பாவைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்களே, மரச்சாமானுக்குப் பளபளப்பேற்றத் தேய்க்கும் அந்த பேஸ்ட் வேக்ஸில் (களிம்பு மெழுகில்) அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எந்த டப்பாவைத் திறந்தாலும் உள்ளே இருப்பது இரண்டே சமாசாரம்தான்: மெழுகு, அதை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான். தேய்த்த கொஞ்ச நேரத்தில் கரைப்பான் பறந்துவிடும். மிஞ்சிய மெழுகிலும் பெரும்பகுதியை நாமே துணியால் துடைத்து எடுத்துவிடுகிறோம். மரத்தின் மேல் தங்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம். அது தண்ணீரையும் ஈரக்காற்றையும் பெரிதாகத் தடுக்காது. அந்த வேலை அடியில் இருக்கும் ஷெல்லாக்குக்கோ (அரக்குப் பூச்சுக்கோ) வார்னிஷுக்கோ உரியது. ஆகவே ‘மரத்தை ஆண்டாண்டுக்கும் காக்கும்’ என்று டப்பாவில் எழுதியிருந்தால், அந்த வரிக்காக மட்டும் காசு கொடுக்காதே.

வித்தியாசமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், மென்மையானது. கை பட்டுப் பட்டு மங்கும், விரல் தடமும் விழும். பிரேசிலில் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், நல்ல கடினம். மினுமினுப்பும் அதில்தான் கூடுதல். ஆனால் கார்னாபாவை மட்டும் வைத்துத் தேய்த்தால் தோள்பட்டை கழன்றுவிடும், அதனால்தான் மென்மையான மெழுகோடு கலந்து விற்கிறார்கள். விலை கூடிய டப்பாக்கள் பலவற்றில் கார்னாபா இருக்கிறது என்று பெருமையாகப் போட்டிருக்கும், எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் சொல்லமாட்டார்கள்.

உனக்குப் பிடித்த ரெனெய்சான்ஸ் வேக்ஸ் வேறு கதை. 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் பழம்பொருள்களைப் பாதுகாப்பதற்காக உருவானது. அதில் இருப்பது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, அதாவது பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. இயற்கைப் பொருள் என்றால்தான் உசத்தி என்று காசை நீட்டுகிறவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்! தேன்மெழுகில் கொஞ்சம் அமிலம் உண்டு, இதில் அது இல்லை. விரல் தடமும் எளிதில் பதியாது. நூறு வருஷத்துப் பித்தளைக் கைப்பிடியைக் காக்கவேண்டிய அருங்காட்சியகத்துக்கு இதெல்லாம் முக்கியம். உன் வீட்டுப் புத்தக அலமாரிக்கு என்ன அவசரம்?

கரைப்பானை மட்டும் கவனித்து வாங்கு. சிலவற்றில் டொலுயீன் இருக்கும். சீக்கிரம் காயும், ஆனால் வாடை மண்டையைப் பிடிக்கும், உடம்புக்கும் ஆகாது. புதிதாகப் பூசி இன்னும் இறுகாத பாலிஷைக் கரைத்தும் விடலாம். உன்னைப் போல ஜன்னல் குறைந்த அறையில் வேலை செய்கிறவன், மிதமான கரைப்பான் உள்ள டப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

ரம்ப மேஜையின் வார்ப்பிரும்பு, இழைப்புளியின் அடிப்பாகம், இழுப்பறை ஓடும் கட்டைகள், இறுக்கமாகப் போகும் ஸ்குரூ மரை, இவற்றுக்கெல்லாம் நான் விலை குறைந்த பாரஃபின் கலவையைத்தான் தடவுகிறேன். இழுப்பறைக்கு ஒரு மெழுகுவர்த்தித் துண்டே போதும். கார் பாலிஷை மட்டும் பட்டறைக்குள் விடாதே. அதில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அது மேஜையிலிருந்து மரத்துக்கு ஏறிவிட்டால், பிறகு வார்னிஷ் அடிக்கும்போது மீன்கண் போலக் குழி குழியாக ஒதுங்கும். அந்தத் தொல்லையைச் சரிசெய்ய ஆகும் செலவில் நல்ல மெழுகு டப்பாவே வாங்கிவிடலாம்.

நாமே செய்வதும் சுலபம். தேன்மெழுகை மெல்லியதாகச் சீவி, எடையில் அதைப் போல மூன்று நான்கு பங்கு டர்பென்டைனில் ஊறவைத்து, பாட்டிலை மூடிவிடு. சூடே இல்லாமல் மெல்ல மெல்லக் கரைந்து களிம்பாகிவிடும். அடுப்பில் வைத்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. டர்பென்டைனின் ஆவி 35 டிகிரி வாக்கிலேயே தீப்பிடிக்கக்கூடியது.

அப்புறம் இன்னொன்று. ஒரு டப்பா தீர எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்திருக்கிறாயா? ஒரு பெட்டி முழுவதற்கும் சுண்டுவிரல் நுனி அளவு மெழுகு போதும். மூடியைச் சரியாக மூடாமல் கரைப்பான் பறந்து கட்டியாகிப் போவதுதான் பெரும்பாலான டப்பாக்களின் முடிவு, அப்போதும் கொஞ்சம் டர்பென்டைன் விட்டால் இளகிவிடும். ஒரு பெட்டிக்கு என்று கணக்குப் போட்டால், உயர்ந்த மெழுகுக்கும் சாதாரண மெழுகுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு உப்புத்தாள் விலைகூட வராது. அதனால் ஆசையாக இருந்தால் வாங்கு, குற்ற உணர்ச்சி வேண்டாம். அதை வாங்கினால் வேலை உயர்ந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. பளபளப்பில் பாதி, மெழுகு பூசுவதற்கு முன்னால் நீ இழைத்துத் தேய்த்ததிலேயே வந்துவிடும்.

நீ செய்துகொண்டிருக்கும் ரோஸ்வுட் நகைப்பெட்டிக்கு வேண்டுமானால் மைக்ரோகிரிஸ்டலைன் சின்ன டப்பா ஒன்று வாங்கிக்கொள். நாளும் கை படும் பொருள் அது. ஆனால் ரோஸ்வுட்டின் துளைகளில் வெளிர் மெழுகு தங்கிக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், அதனால் முதலில் ஷெல்லாக் பூசித் துளைகளை நிரப்பிவிடு, இல்லையென்றால் கருநிற மெழுகாகப் பார்.

பெட்டிக்குக் கீல் என்ன அளவு வேண்டும் என்று எழுது. என்னிடம் பித்தளைக் கீல்கள் சில மிச்சம் இருக்கின்றன, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைக் கூட்டாளி