கிரகணச் செய்தியின் முதல் வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வருகிற 2026 ஆகஸ்ட் 12 முழு சூரிய கிரகணம் பற்றி நம் நாளிதழில் அரைப்பக்கச் செய்தி வந்திருந்தது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் என்று நிழல் போகும் வழியை அழகாக எழுதியிருந்தீர்கள். வண்ண வரைபடமும் இருந்தது. ஆனால் இங்கே தெரியுமா, தெரியாதா என்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது. "இந்தியாவில் காண இயலாது" என்று ஒரே வரி. கிரகணம் உச்சத்தில் இருக்கும்போது நமக்கு இரவு பதினொன்றே கால் மணி! சூரியனே வானத்தில் இல்லை. இந்த ஒரு வரி முதலில் இருந்திருந்தால், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "அன்னைக்குக் கர்ப்பிணிப் பொண்ணை வெளியே அனுப்பலாமா?" என்று வீட்டுக்கு வீடு விசாரணை நடந்திருக்காது.

இந்த ஒரு விஷயத்தில் பஞ்சாங்கக்காரர்கள் நாளிதழ்களைவிட ஒழுங்கு என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் கிரகணம் என்று எழுதிய கையோடு "இந்தியாவில் தெரியாது, அனுஷ்டிக்கத் தேவையில்லை" என்றும் எழுதிவிடுகிறார்கள். நம்பிக்கை வைத்துப் பார்ப்பவருக்கும் சரி, தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவருக்கும் சரி, முதலில் வேண்டிய தகவல் அதுதான்.

சந்திர கிரகணத்தில் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. பூமியில் இரவாக இருக்கும் பாதிக்கு எல்லாம் அது ஒரே நேரத்தில் தெரியும். நிலா எத்தனை மணிக்கு உதிக்கிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். கடந்த மார்ச் 3ஆம் தேதி நடந்தது அதுதான். முழு கிரகணம் மாலை ஐந்தரை மணி வாக்கில் முடிந்துவிட்டது, நமக்கு நிலா எழுந்ததோ ஆறேகாலுக்கு மேல். ஓரம் கருத்த நிலாவை அரைமணி நேரம் போலப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று காலைச் செய்திகளில் "ரத்த நிலா இன்று" என்ற தலைப்பு. மாடியில் ஏறி நின்றவர்கள் சிவப்பைக் காணோமே என்று இறங்கி வந்தார்கள்.

சூரிய கிரகணம் அப்படியில்லை. நிலாவின் நிழல் ஒரு மெல்லிய பட்டையாகப் பூமியின் மேல் ஓடுகிறது. அந்தப் பட்டைக்குள் இருக்கும் ஊருக்கு ஒரு காட்சி, பக்கத்து மாவட்டத்துக்கு வேறு காட்சி. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தில் ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் நெருப்பு வளையம் தெரிந்தது. சென்னையில் வெறும் பிறைதான். எனவே "தமிழகத்தில் காலை 8 மணி முதல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

சரி, இனி நமக்கு உண்மையிலேயே தெரியப்போகிறவற்றுக்கு வருகிறேன். இந்த ஆகஸ்ட் 28ஆம் தேதி ஒரு சந்திர கிரகணம் இருக்கிறது, ஆனால் நமக்கு அது காலை ஒன்பதே முக்கால் மணி. விட்டுவிடலாம். 2027 பிப்ரவரியில் வரும் புறநிழல் கிரகணம் (பூமியின் மங்கலான வெளிநிழல் மட்டும் நிலாவின் மேல் விழுவது) கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு மங்கல், அதையும் விட்டுவிடலாம். அடுத்து நாம் குறித்து வைக்க வேண்டிய நாள் 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை.

அன்று எகிப்தின் லக்சர் நகரத்துக்கு அருகே ஆறு நிமிடம் 23 விநாடிக்குச் சூரியன் முழுதாக மறையும். இதை வைத்துத்தான் கடந்த ஆண்டு "ஆறு நிமிடம் உலகமே இருளில் மூழ்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள், அதுவும் 2025 ஆகஸ்ட் 2 என்று ஆண்டை மாற்றி. உலகம் எல்லாம் இருளப்போவதில்லை, அந்தப் பட்டைக்குள் இருக்கும் ஊர்கள் மட்டும்தான். "நூற்றாண்டின் நீளமான கிரகணம்" என்பதும் தப்பு. அந்தப் பெயர் 2009 ஜூலை 22 கிரகணத்துக்கு உரியது. அது ஆறு நிமிடம் 39 விநாடி, சூரத், வாரணாசி, பாட்னா வழியாக நம் நாட்டின் மேலேயே போனது.

2027இல் தமிழ்நாட்டுக்குக் கிடைப்பது பகுதி கிரகணம். மாலை ஐந்து மணியை ஒட்டி, மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும் சூரியனின் ஒரு பக்கம் கடிபட்டதுபோல் இருக்கும். தெற்கே போகப் போக மறைவு கூடும். சென்னையைவிடக் கன்னியாகுமரியில் அதிகம். ஆனால் ஆகஸ்ட் தொடக்கத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மேகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நன்றாகத் தெரிய வேண்டிய ஊரில் மேகம் விடுமா என்பது வேறு விஷயம்.

அதோடு இன்னொன்று: அன்றைக்கு ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்திலும் காவிரிக் கரையிலும் தர்ப்பணக் கூட்டம் எவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாலையில் கிரகணத்துக்காகக் கோயில்களில் நடை சாத்தப்பட்டால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் தரிசனத்துக்கு எங்கே நிற்பார்கள்? பேருந்து, ரயில் முன்பதிவு தொடங்குவதற்கு முன்பே இந்தச் செய்தி வர வேண்டும், முந்தின நாள் அல்ல.

2028இல் நமக்கு இரண்டு சந்திர கிரகணம். ஜூலை 6 இரவு பத்தரை மணிக்கு மேல் தொடங்கி ஒரு மணி வரை நடக்கும் பகுதி கிரகணம் சுமாரானது. நான் காத்திருப்பது டிசம்பர் 31க்கு. அன்று இரவு எட்டரையைத் தாண்டி நிலா நிழலுக்குள் நுழைகிறது. ஒன்பதே முக்கால் வாக்கில் முழுக்கச் செம்பு நிறமாகிவிடும், பதினொன்று வரை அப்படியே இருக்கும். பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்து, நள்ளிரவு பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடங்களில் கிரகணம் முடிகிறது. அதற்குள் 2029 பிறந்துவிட்டிருக்கும்! நிலா உச்சிக்கு அருகே இருக்கும், எந்த ஊரிலும் கட்டடம் மறைக்காது. வெறும் கண்ணால் பார்க்கலாம், கண்ணாடியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

அன்று மார்கழிப் பௌர்ணமி. கிரகண நேரத்தில் நிலா இருப்பது திருவாதிரை நட்சத்திரத்தில். சிதம்பரத்திலும் உத்தரகோசமங்கையிலும் ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் சேரும் சமயம் அது. அதே நள்ளிரவில் ஆங்கிலப் புத்தாண்டுக்குக் கோயில் திறந்து வைக்கும் வழக்கமும் பல ஊர்களில் வந்துவிட்டது. மூன்றும் ஒரே இரவில் வந்து சேர்கின்றன. கோயில் நிர்வாகங்களிடம் நேரம் கேட்டு முன்கூட்டியே எழுத உங்கள் நிருபர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது.

ஆனால் தென் மாவட்டத்துக்காரனான எனக்கு முக்கியமான தேதி 2031 மே 21. அந்த வளைய கிரகணத்தின் பட்டை கொச்சி, ஆலப்புழை, கோட்டயம் வழியாக வந்து தேனி, மதுரை, இளையான்குடி, காரைக்குடி, வேதாரண்யம் என்று போய்க் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குச் செல்கிறது. 2010இல் கன்னியாகுமரி, ராமேஸ்வரம், 2019இல் கொங்குப் பகுதி, இப்போது நாங்கள். 1871 டிசம்பர் 12 முழு கிரகணத்துக்காகப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் கப்பலேறி வந்து நீலகிரியில் கருவிகளோடு காத்திருந்தார், சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசிக்குப் போனார். எங்களுக்கு வாசலிலேயே வருகிறது.

அது மதியம் ஒரு மணி வாக்கில் நடக்கும். மே மாத வெயில், சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேல். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், கண்ணுக்கும் ஆபத்து. வளைய கிரகணத்தில் பாதுகாப்பான கண்ணாடியைக் கழற்றலாம் என்ற பேச்சுக்கு ஒரு நொடிகூட இடமில்லை, நடுவே மறைந்தாலும் மிச்சமிருக்கும் அந்த வளையமே விழித்திரையைப் பொசுக்கப் போதும். எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, பாத்திரத்துத் தண்ணீரில் தெரியும் பிம்பம் எதுவும் கூடாது. அதைவிடச் சுலபமான வழி ஒன்று மரத்தடியில் இருக்கிறது. சூரியன் உச்சியில் இருப்பதால் வேப்பமரத்து இலை இடுக்குகள் வழியாக விழும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் தரையில் சின்னச் சின்ன வளையமாகத் தெரியும். குழந்தைகளுக்கு அதைக் காட்டினால் போதும், வானத்தைப் பார்க்கவே வேண்டாம். அட்டையில் ஊசித்துளை போட்டும் இதைச் செய்யலாம்.

இதையெல்லாம் எழுத வேண்டிய இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் தாம்பாளத்தில் உலக்கை நிற்கும் படம் வருகிறது. உலக்கையின் அடி தட்டையாக இருந்தால் அது செவ்வாய்க்கிழமையும் நிற்கும், கிரகணம் இல்லாத அமாவாசையும் நிற்கும். சந்தேகமிருந்தால் உங்கள் புகைப்படக்காரரைச் சாதாரண நாளில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தையும் போடுங்கள், விற்பனை குறையாது.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. கிரகணச் செய்தி வரும்போதெல்லாம் தலைப்புக்குக் கீழேயே "இங்கே தெரியும்" அல்லது "இங்கே தெரியாது" என்று ஒரு வரி. தெரியும் என்றால், சூரிய கிரகணத்துக்கு மாவட்டத் தலைநகரம் வாரியாகத் தொடக்கம், உச்சம், முடிவு மூன்று நேரங்கள். சந்திர கிரகணத்துக்கு அந்தந்த ஊரின் நிலா உதயம். கொல்கத்தாவிலுள்ள அரசு வானியல் மையம் இந்தியாவுக்கான கணக்கை முன்கூட்டியே வெளியிடுகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடியவர்கள்தாம்.

ஆடி அமாவாசைக்கு முதல் அட்டவணையை 2027 ஜூன் மாதமே வெளியிட்டால் ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். மதுரைப் பதிப்பில் மட்டும் போட்டுவிட்டு நிறுத்த வேண்டாம், சென்னையிலிருந்துதான் கூட்டம் அதிகம் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி