ஜப்பான் சிடியின் 'இலவச'ப் பாட்டுக்குக் காசு கொடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய ஆல்பங்களின் ஜப்பான் பதிப்பில் மட்டும் ஓரிரு பாடல்கள் அதிகமாக இருப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அது ஜப்பானிய ரசிகர்களுக்குக் கலைஞர்கள் தரும் அன்பளிப்பு என்றே பலரும் எழுதுகிறார்கள். அப்படியல்ல. விலைச் சட்டமும் நாணய மாற்று விகிதமும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

ஜப்பான் தன் ஏகபோகத் தடைச் சட்டத்தை 1953-இல் திருத்தியபோது, சில பொருள்களுக்கு மட்டும் கடை விலையைத் தயாரிப்பாளரே கட்டிவைக்க இடம் கொடுத்தது. புத்தகம், இசைத்தட்டு அதில் அடக்கம். நாளிதழும்தான், தங்களுக்கு இது பொறாமை தரலாம்! உள்நாட்டில் அச்சான சிடியின் மேல் 2,500 யென் என்று போட்டுவிட்டால், அந்தக் கட்டு நீங்கும் வரை கடைக்காரர் ஒரு யென்கூடக் குறைக்க முடியாது. அமெரிக்காவில் அச்சாகிக் கப்பலேறி வரும் அதே ஆல்பத்துக்கு இந்தக் கட்டு கிடையாது.

1985-இல் டாலர் ஏறக்குறைய 240 யென். 12 டாலர் சிடி என்றால் 2,880 யென். இறக்குமதியால் யாருக்கும் பயமில்லை. மூன்றே ஆண்டில் டாலர் 130 யென் அளவுக்கு இறங்கியது. அதே சிடி 1,560 யென் ஆயிற்று. 1995 ஏப்ரலில் டாலர் 80 யென்னைத் தொட்டபோது, கப்பல் கூலியையும் கடை லாபத்தையும் சேர்த்தாலும் இறக்குமதிதான் மலிவு. ஷிபுயா டவர் ரெக்கார்ட்ஸ் போன்ற கடைகளில் ஒரே ஆல்பம் இரண்டு விலையில் அருகருகே இருந்தால், எதை எடுப்பார்கள்?

விலையில் மோத மனமில்லாத ஜப்பானிய நிறுவனம் சரக்கைக் கனமாக்கியது. சிடி உறையின் முதுகில் சுற்றிய காகிதப் பட்டை, பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பு, விமர்சகர் எழுதிய அறிமுகக் கட்டுரை, முடிந்தால் சில நாள் முந்திய வெளியீடு. இவற்றில் எதையும் பொருட்படுத்தாத ரசிகரையும் இழுக்கக்கூடியது, வேறெங்கும் கிடைக்காத பாட்டு ஒன்றுதான்.

எனவே அது உரிம ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக ஏறியது. ஜப்பானுக்கு மட்டுமான உரிமம், முன்பணம், பிரதிக்கு இவ்வளவு ராயல்டி, அதோடு 'வேறு நாட்டில் வெளிவராத இரண்டு பாடல்கள், இத்தனை மாதம் வரை' என்று ஒரு பிரிவு. முன்பணம் 10 லட்சம் யென், பிரதிக்கு ராயல்டி 300 யென் என்று வைத்துக்கொண்டால், ராயல்டியில் முன்பணம் கழிந்து, 3,334-ஆவது பிரதி விற்ற பிறகுதான் கலைஞர் பக்கம் அடுத்த காசு வரும். கூடுதல் பாட்டு இல்லையென்றால் முன்பணத்திலேயே கைவைப்பார்கள். சிக்கல் வருவதும் இந்தப் பிரிவில்தான். அவசரத்துக்குக் கொடுத்த பாட்டில் அனுமதி வாங்காத சாம்பிள் (பிறர் பதிவிலிருந்து எடுத்த துண்டு) இருக்கும்; உடன் எழுதியவரோடு பங்கு பேசி முடித்திருக்க மாட்டார்கள்; அல்லது அதே பாட்டைக் கலைஞரின் லண்டன் நிறுவனம் மூன்றாம் மாதமே ஒரு சிங்கிளின், அதாவது தனிப்பாடல் வெளியீட்டின், பின்பக்கத்தில் போட்டுவிடும். கடைசி வகைதான் நேரடியான ஒப்பந்த மீறல்.

சரி, அந்தப் பாட்டுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்? பாட்டைச் சிடியில் பதிப்பதற்காக அதை எழுதியவர்களுக்குச் சேரவேண்டிய கட்டணத்தை ஜாஸ்ராக் என்ற ஜப்பானிய அமைப்பு வசூலிக்கிறது. அதன் அடிப்படை விதி: வரி நீங்கிய விலையில் 6 சதவீதத்தைப் பாடல்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், பாட்டுக்கு 8.1 யென்னுக்குக் கீழே போகக்கூடாது. 2,500 யென் சிடிக்கு மொத்தம் 150 யென். பத்துப் பாட்டென்றால் பாட்டுக்கு 15 யென். இரண்டு பாட்டைக் கூட்டினால் 12.5 யென். நிறுவனத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு யென்கூடக் கூடுதல் செலவில்லை. செலவு முதல் பத்துப் பாட்டை எழுதியவர்களின் தலையில். எல்லாவற்றையும் ஒருவரே எழுதியிருந்தால் வலது பையிலிருந்து இடது பைக்குப் போவதுதான். ஆளாளுக்கு எழுதும் குழுவில் மூன்றாம் பாட்டின் ரீமிக்ஸை (மாற்றிக் கலந்த வடிவத்தை) கடைசியில் சேர்த்தால், அந்தப் பாட்டை எழுதியவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்குக் குறைவு. ஆல்பத்தை அழகாக முடித்துவைக்கும் பாட்டுக்குப் பிறகு அந்த ரீமிக்ஸ் வந்து உட்காருவது வேறு எரிச்சல்!

அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே விலையில் சதவீதம் இல்லை, பாட்டுக்கு இத்தனை சென்ட். 2006 முதல் 2022 வரை ஐந்து நிமிடத்துக்குட்பட்ட பாட்டுக்கு 9.1 சென்ட். கலைஞரே எழுதிய பாடல்களுக்கு அதில் முக்கால் பங்குதான், அதுவும் பத்துப் பாட்டு வரைதான் என்பது அங்கே வழக்கமான ஒப்பந்த வரி. அந்தக் கட்டணப்படி ஆல்பத்துக்கு 68.25 சென்ட். அதற்கு மேல் பிறர் எழுதிய இரண்டு பாட்டைப் பாடிச் சேர்த்தால், அவர்களுக்கான 18.2 சென்ட் இந்தத் தொகையிலிருந்தே கழியும். மிஞ்சுவது 50.05. இப்படிப்பட்ட பாடல்களை அமெரிக்கப் பதிப்பில் சேர்க்காமல் ஜப்பானுக்கு அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2015 ஜூலை 10 முதல் வெள்ளிக்கிழமை உலகெங்கும் பொது வெளியீட்டு நாளானதும் முந்திவருவதன் பலன் சுருங்கியது. ஸ்ட்ரீமிங்கில் ஆல்பத்துக்கென்று தனி விலையும் இல்லை. பாட்டு 30 நொடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அமெரிக்கத் தரவரிசையில் ஆல்பத்தின் பாடல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்பதால், பழைய கூடுதல் பாடல்கள் இன்று ஆல்பம் வந்த சில வாரத்தில் 'டீலக்ஸ்' என்ற பெயரில் எல்லா நாட்டுக்கும் வருகின்றன. ஜப்பானில் சிடி வாங்குவோருக்கு மட்டும் அந்தக் காகிதப் பட்டையும் இரண்டு பாட்டும் இன்னும் தொடர்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்